அடிக்குறிப்பில் கிடந்த கரை

நாற்பது ஆண்டுகளைப் பத்திரிகைத் தொழிலில் கழித்தவனுக்குக் கடைசியில் மிஞ்சுவன பழைய தாள்களே. சென்ற மாதம் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது, 1990களின் நடுப்பகுதியில் நான் எழுதிய செய்தியொன்றின் நறுக்கு கையில் அகப்பட்டது. இலங்கையில் சிசு மரணம் குறைந்து வருகிறது, தாய்மார் ஏறத்தாழ அனைவரும் வைத்தியசாலையிலேயே பிள்ளை பெறுகின்றனர் என்று மகிழ்ச்சியோடு சொல்லும் செய்தி. 1993ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வை ஆதாரமாகக் கொண்டது. அந்த ஆய்வறிக்கையில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது: வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக. பத்தியில் இடம் போதவில்லை என்று அந்த அடிக்குறிப்பை நான் வெட்டிவிட்டேன். வெட்டிய வரியோடு என் பிறந்த ஊரும் போயிற்று என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. ஒரு வாசகர் கூட அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் மருதமுனையில் பிறந்தவன். சாய்ந்தமருதில் மணம் முடித்து, எங்கள் பகுதி வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவன். இரண்டும் கல்முனையை அண்டிய கரையோர ஊர்கள். இந்த ஊர்களைப் பற்றி நாடு எப்போது கேட்டது, எப்போது கேட்காமல் விட்டது, கேட்டபோது நாங்கள் என்ன பதில் சொன்னோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. பத்தாண்டுக்கு ஒரு முறை என்ற ஒழுங்கு இடையிடையே பிசகினாலும் 1981 வரை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்தது. 1991இல் யுத்தம் காரணமாக மதிப்பே நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. இது பலரும் அறிந்த கதை. அறியாதது, சுகாதார ஆய்வுகளின் கதை. ஒரு பெண் எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை தங்கின, தடுப்பூசி போட்டாயிற்றா, குழந்தையின் நிறை என்ன என்றெல்லாம் வீடு தேடி வந்து கேட்பவை அவை. 1987இல் ஒன்று, 1993இல் ஒன்று, 2000இல் ஒன்று. மூன்றிலும் எங்கள் கரை இல்லை. 2006-07 ஆய்வில் கிழக்கு சேர்ந்தது, வட மாகாணம் விடுபட்டது. 25 மாவட்டங்களும் ஒன்றாக இடம்பெற்ற ஆய்வு 2016இல்தான் வந்தது. அதாவது 1987இல் பிறந்த ஒரு கல்முனைப் பெண், தானே தாயாகும் வயதுக்கு வரும் வரையில், அவளுடைய ஊரில் எந்தத் தேசிய சுகாதார ஆய்வும் ஒரு கதவையும் தட்டவில்லை.

இத்தகைய ஆய்வுகளில் பதிலளிப்பு வீதம் என்று ஒன்று உண்டு. தெரிவு செய்யப்பட்ட நூறு வீடுகளில் எத்தனை வீடுகள் பதில் தந்தன என்பது அது. இலங்கையின் ஆய்வுகள் இவ்விடயத்தில் நற்பெயர் வாங்கியவை. நம்மவர் வந்தவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துப் பதில் சொல்லும் குணமுடையவர்கள். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தட்டிய கதவுகளையே அது எண்ணுகிறது. ஒரு கரையையே தெரிவிலிருந்து நீக்கிவிட்டால் வீதம் ஓர் இம்மியும் குறையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று அறிக்கையில் அச்சாகும்போது, கேட்கப்படாதவர்கள் அந்த மீதி இரண்டிலும் இல்லை.

ஆய்வாளர்கள் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் படிவங்களோடு இளம்பெண்களை எங்கள் வீதிகளுக்கு அனுப்பும்படி எந்த அதிகாரியிடமும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றை அறிந்த எவரும் சொல்லார். ஆயினும் என் மனத்தை உறுத்தும் விடயம் வேறொன்று. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் கண்டறியப்பட்டார். 1995 முதல் தேசிய தடுப்பு மருந்து தினங்கள் நடத்தப்பட்டன. அந்த நாட்களுக்காக யுனிசெப் போன்ற நிறுவனங்கள் இடைநின்று பேச, இரு தரப்பும் துப்பாக்கிகளைக் கீழே வைத்தன. இரண்டு சொட்டு மருந்துக்காக யுத்தம் ஒரு நாள் நின்றது. குடும்பநல உத்தியோகத்தர்கள் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார்கள். எந்த வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை எத்தனை என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆக, அதே பத்தாண்டில் ஒரு திணைக்களத்துக்கு நாங்கள் அடைய முடியாதவர்கள், இன்னொரு திணைக்களத்துக்கு மாதந்தோறும் அடையக்கூடியவர்கள். ஒரு நாள் சொட்டு மருந்து கொடுப்பதும் ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் இருந்து கேள்வி கேட்பதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் 2000இல் கிழக்கு மாகாணத்தை விலக்கிவைத்த அதே தொகைமதிப்புத் திணைக்களம், 2001 ஜூலையில் அம்பாறை மாவட்டம் முழுவதையும் எண்ணி முடித்தது. முழுமையாக எண்ணப்பட்ட 18 மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. இடையில் கழிந்தது ஓராண்டு. மனம் வைத்தால் வழியிருந்தது என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது அவர்கள் கேட்காத கதை. இனி, கேட்டபோது நாங்கள் சொன்ன பதில். இதில் என் வீடும் குற்றவாளி.

1990இன் பிற்பகுதி. நான் கொழும்பிலிருந்து மருதமுனைக்கு வந்திருந்தேன். உலர் உணவு நிவாரணத்துக்காகக் குடும்ப விபரம் எடுக்க ஒருவர் வந்தார். எங்களூரவர், எல்லோருக்கும் தெரிந்தவர். திண்ணையில் இருந்து எழுதினார். உம்மா ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பதினேழு வயதுத் தம்பியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, அடுத்த பெயருக்குத் தாண்டிவிட்டார். தம்பி அப்போது உள்ளே தறியில் இருந்தான். தறிச்சத்தம் திண்ணைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுதியவருக்கும் கேட்டிருக்கும். அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. இளம் வயது ஆணின் பெயர் ஒரு தாளில் ஏறினால் அந்தத் தாள் இன்று யார் கையில், நாளை யார் கையில் என்பதை யாரும் சொல்ல முடியாத காலம். அவன் பெயர் இல்லாதபடியால் அவன் பங்கு அரிசியும் பருப்பும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. உம்மா தன் சோற்றைக் குறைத்துக்கொண்டார். அதைக் கணக்கிட்டுத்தான் பெயரை விட்டார் என்பது எனக்குப் பின்னர் விளங்கிற்று.

பொய்யான பதிலை அறியாமை என்று சொல்லும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உம்மாவின் அந்த ஒரு கண மௌனம் நினைவுக்கு வரும். கேள்வி அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது. கேட்டவரைக் காட்டிலும் நன்றாக விளங்கியிருந்தது என்றுகூடச் சொல்வேன்.

அச்சம் இல்லாத நாட்களிலும் எங்களை எண்ணுவது இலகுவானதல்ல. 1981, 2012 ஆகிய இரு குடிசன மதிப்புகளும் மார்ச் மாதத்தில் நடந்தன. பெரும்போக அறுவடையின் கடைசிக் காலம் அது. ஆண்கள் வட்டைக்குப் போய் வாடியில் தங்கிவிடுவார்கள். கரைவலைக்காரர் விடியுமுன்னே கடற்கரையில். ஆழ்கடல் படகுக்காரர் கரைக்கு வரப் பல நாட்கள் ஆகும். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் வேறு. முற்பகல் பத்து மணிக்கு வரும் உத்தியோகத்தர் காண்பது பெண்களை மட்டுமே. அவர் ஆணாக இருந்தால் கதவு பாதிதான் திறக்கும், பதிலும் பாதிதான் வரும். பெண்களைக் கொண்டே பெண்களிடம் கேட்பது இந்தச் சுகாதார ஆய்வுகளின் விதி என்பதால் அந்தச் சிக்கல் குறைந்தது. ஆனால் தனிமை வேண்டும் என்ற இன்னொரு விதி இருக்கிறது. மணமான பெண்ணிடம் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்கும்போது பக்கத்தில் வேறெவரும் இருக்கலாகாது. சாய்ந்தமருதில் வீட்டுக்கு வீடு இடைவெளி ஒரு கை அகலம். அடுத்த வீட்டில் தேங்காய் துருவும் ஓசை நம் வீட்டில் கேட்கும். மாமி அடுப்படியில், மதினி முற்றத்தில். தனிமைக்கு எங்கே போவது?

பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. எத்தனை பிள்ளைகள் என்று மொத்தமாகக் கேட்டால் உயிரோடிருப்பவர்களை மட்டும் சொல்லும் தாய்மார் பலர். மௌத்தான பிள்ளையை அந்நியர் முன் பெயர் சொல்ல அவர்களுக்கு மனம் வராது. ஆகவே உங்களோடு இருப்பவர் எத்தனை, வேறிடத்தில் இருப்பவர் எத்தனை, பிறந்து தவறியவர் எத்தனை, பிறந்தவுடன் அழுது சற்று நேரத்தில் போனவர் உண்டா என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். சிசு மரண வீதம் என்று நாம் தலைப்பில் போடும் எண், கடைசியாகச் சொன்ன அந்தக் கேள்வியை ஒருவர் எவ்வளவு பொறுமையாகக் கேட்டார் என்பதில்தான் தங்கியிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை படிவத்தின் முதலாவது கட்டம். குடும்பத் தலைவர் யார்? எங்கள் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்த நாளிலிருந்து தந்தை அவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்பவர். படிவமோ ஆணைத் தலைவராக எழுதிப் பழகியது. சமாதான காலத்தில் இது வெறும் எழுத்துப் பிழை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அது காணிப் பிழையாயிற்று. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று விதி வந்தது. மாற்றுக் காணியும் வீடும் வழங்கும் பட்டியல்கள் குடும்பத் தலைவர்களின் பெயரில் தயாராயின. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டைக் கடல் கொண்டுபோக, அதற்கு ஈடான வீடு மருமகனின் பெயரில் வந்த குடும்பங்களை நான் நேரில் அறிவேன். மனைவி மௌத்தாகி, அவர் மறுமணம் செய்துகொண்ட இடங்களில் பிள்ளைகளின் நிலை என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 10,000க்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் இறக்கவில்லை. முதல் நாட்களில் பத்திரிகைகளில் நாங்கள் வெளியிட்ட எண்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பிரதேச செயலகத்தில் ஓர் எண், பள்ளிவாசலில் ஓர் எண், வைத்தியசாலையில் ஓர் எண். பள்ளிவாசல்காரர்கள் எத்தனை ஜனாஸா அடக்கினோம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதையே நான் நம்பினேன். அது எவ்வளவு சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. கடல் கொண்டுபோனவர் அதில் இல்லை.

2005 மார்ச்சில், நிஷிகியோரி என்பவரின் தலைமையில் ஜப்பானிய ஆய்வாளர் சிலர் பேராதனையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளரோடு சேர்ந்து, அம்பாறை மாவட்டத்தின் 13 முகாம்களில் ஓர் ஆய்வு செய்தனர். 859 குடும்பங்கள், 3,533 பேர். முடிவுகள் 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலும் பி.எம்.சி. பப்ளிக் ஹெல்த் இதழிலும் வெளியாயின. அந்தக் குடும்பங்களில் நூற்றுக்கு 12.9 பேர் இறந்தோ காணாமற்போயோ இருந்தனர். பெண்களில் 17.5. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 31.8. ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை! வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் யார் வீட்டுக்குள் இருந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. இறப்புகள் அனேகமாக முழுவதும் அன்றும் அதற்கடுத்த மூன்று நாட்களிலும் நிகழ்ந்தவை. அதன் பின்னர் கொள்ளைநோய் வரும், இரண்டாம் சாவு அலை வீசும் என்று நாங்கள் போட்ட தலைப்புகள் பொய்த்தன. பொய்த்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

எங்கள் கரையில் இப்படியொரு சுகாதார விசாரணை நடந்ததைப் படித்தபோது, முதல் தடவையாக நாங்களும் அட்டவணைக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் மற்றது தோன்றிற்று. முகாமில் இருப்பவரிடம்தான் கேட்க முடியும். வாப்பா, உம்மா, பிள்ளைகள் என்று முழுக் குடும்பமும் போயிருந்தால் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முகாமில் ஆளில்லை. அப்படிப்பட்ட வீடுகள் மருதமுனையில் எனக்குத் தெரியவே இருந்தன. ஆகவே 12.9 என்பது மெய்யான எண்ணைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். எவ்வளவு குறைவு என்பதை எந்த ஆய்வு முறையாலும் சொல்ல முடியாது. இன்னொன்று: கணவனை இழந்த பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். டிசம்பர் 26இல் விதவையானவளுக்கு மார்ச் மாதம் அந்தக் காலத்தின் நடுப்பகுதி. முகாமில் சேலைகளால் மறைத்த ஒரு மூலையில் அவள் இருப்பாள். நான் செய்தியாளனாகப் போனபோது என்னால் அந்தச் சேலைக்கு அப்பால் பேச முடிந்ததில்லை. மறைப்புக்கு வெளியே நின்ற மச்சான்மார் சொன்னதையே அவள் சொன்னதாக எழுதினேன்.

எல்லாம் ஓரளவு சீரடைந்து வந்த வேளையில் 2019 வந்தது. ஏப்ரல் 26 இரவு, சாய்ந்தமருதில் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு வாடகை வீட்டில், ஈஸ்டர் குண்டுவெடிப்பாளரின் கூட்டத்தினர் தம்மைத் தாமே வெடிக்க வைத்தனர். குழந்தைகளும் இறந்தனர். அங்கே புதிதாகக் குடிவந்தவர்களைச் சந்தேகித்து முதலில் விசாரித்தவர்கள் ஊர் மக்களே. ஆனால் அதன் பின் யார் வந்து கதவைத் தட்டிப் பெயர் கேட்டாலும் உள்ளே ஒரு பதற்றம். டெங்குப் பரிசோதகருக்குக்கூட அடையாள அட்டையைக் காட்டும் பழக்கம் வந்துவிட்டது, அவர் கேளாமலே.

அந்தப் பதற்றம் ஆறுமுன்னே கொரோனா. 2020 ஏப்ரல் 11இல், கொரோனாவால் இறந்த எவரையும் தகனம் செய்ய வேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், பத்து மாதங்களுக்கு மேலாக அந்த விதி நீடித்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் மாற்றப்பட்டது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கி, 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே மண்ணுக்குப் போயினர். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. இவை பதிவான வரலாறு. பதிவாகாத ஒன்றைச் சொல்கிறேன். 2020 டிசம்பரில் ஒரு நண்பர் இரவில் தொலைபேசி எடுத்தார். அவருடைய வாப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது. "என்ன செய்ய? கொண்டுபோனா, மௌத்தானா எரிச்சுப் போடுவாங்க" என்றார். நான் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னேன். அவர் போகவில்லை. அந்த முதியவர் பிழைத்தார் என்பது அல்லாஹ்வின் அருள். ஆனால் அவர் எந்தப் பரிசோதனைக் கணக்கிலும் இல்லை. அந்த மாதங்களில் எங்கள் பகுதியின் தொற்று எண்ணிக்கையைப் படித்தவர்கள், எத்தனை வீட்டில் மல்லியும் இஞ்சியும் கொதித்தன என்பதை அறியார்.

இத்தகைய அனுபவம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011இல் ஒசாமா பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவு நிறுவனம், தடுப்பூசித் திட்டம் என்ற பெயரில் ஒரு மருத்துவரை வீடு வீடாக அனுப்பியது. அது வெளியான பின் அந்நாட்டில் மெய்யான போலியோ ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். மறுபுறம், யாரும் துரத்தாத பிரித்தானியாவில், தொழிலாளர் ஆய்வுக்குப் பதில் சொல்வோர் 2023இல் நூற்றுக்கு 20க்கும் கீழே விழுந்து, அந்நாட்டுப் புள்ளிவிபர அலுவலகம் தன் வேலையின்மை எண்களை வெளியிடுவதையே சிறிது காலம் நிறுத்த நேர்ந்தது. அடைய முடியாத மக்கள் என்று ஆய்வு நூல்கள் எங்களைத்தான் சொல்லும். இலண்டன்வாசிகளுக்கு அந்தப் பெயரை யாரும் சூட்டக் காணோம்.

அப்படியானால் கதவு எப்போது முழுதாகத் திறந்தது? நான் கண்ட அளவில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. 2006-07இலும் 2016இலும் வந்தவர்கள் பெண்கள், தமிழில் பேசினார்கள். 2016இல் நாடெங்கும் 28,000க்கு மேற்பட்ட வீடுகளைத் தெரிவு செய்திருந்தார்கள். அதில் எங்கள் ஒழுங்கையில் இரண்டோ மூன்றோ வீடுகள். ஏன் என் வீடு, ஏன் பக்கத்து வீடு இல்லை என்ற கேள்விக்குத்தான் முதலில் பதில் தேவைப்பட்டது. கிராம உத்தியோகத்தர் சொன்னதைவிட, ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னது அதிகம் எடுபட்டது. ஆள் இல்லாத வீட்டுக்கு அஸருக்குப் பின் மறுபடி வந்தார்கள், மூன்றாம் முறையும் வந்தார்கள். குடும்பநல உத்தியோகத்தரையே கேள்வி கேட்க அனுப்பினால் வேலை இன்னும் சுலபம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் பெண்கள் 'மிஸ்' என்று அழைக்கும் அவரிடம் கதவு திறக்கும், உண்மை. ஆனால் பிள்ளையின் நிறை குறைந்ததற்கு அவர் ஏசுவார் என்று பயந்து, அவருக்கு விருப்பமான பதிலையே சொல்வார்கள். அவர் கூட்டிவந்து அறிமுகம் செய்துவிட்டுப் போய்விடுவதே நல்லது.

கணக்கைப் படிப்பவர்களுக்கும் ஒரு சொல். அம்பாறை மாவட்டம் நிர்வாகத்தில் ஒன்று, சுகாதாரத்தில் இரண்டு. கல்முனைக்குத் தனியாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை இருக்கிறது. 25 மாவட்டங்கள் உள்ள நாட்டில் 26 சுகாதாரப் பிரிவுகள் வருவது அதனால்தான். குடிசன மதிப்பின் அம்பாறை எண்ணை எடுத்துச் சுகாதாரத் திணைக்களத்தின் அம்பாறை எண்ணால் வகுத்தால், கரையோரம் மறுபடியும் காணாமற்போகும். இளம் செய்தியாளர்கள் இதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். திருத்தியும் இருக்கிறேன்.

2024 இறுதியில் குடிசன மதிப்புக்காக எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். பட்டதாரி, நிந்தவூர்க்காரி. வீட்டுத் தலைவர் யார் என்று கேட்டார். வீடு மனைவியுடையது, அவளுடைய பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் சிறிது தயங்கி எழுதப் போனபோது, உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது: "வேணாம் மகள், அவர்ர பேரையே போடுங்க. பொறகு எங்கயாவது போய் நிக்க என்னால ஏலா." அந்தப் பெண் சிரித்துவிட்டு என் பெயரை எழுதினார். பின்னர் வரிசையாகப் பெயர், வயது, தொழில். எல்லாம் முடிந்து படிவத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு, "வேற ஆராவது விடுபட்டிருக்கா, சேர்?" என்று கேட்டார்.

நான் தம்பியின் பெயரைச் சொன்னேன். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அட்டாளைச்சேனையில், மனைவி வீட்டில், முப்பது வருடமாக என்றேன்.

"அப்ப அவர அங்க எடுப்பாங்க, சேர்" என்று சொல்லிவிட்டு, படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.